கழிமுகம் மூடிய ஞாயிறு

கழிமுகம் மூடிக்கொண்டது.

போன வாரம் இடுப்பளவு தண்ணீர் ஓடிய இடத்தில் இன்று ஒரு நாய் நடந்து போகிறது. கால்கூட நனையவில்லை அதற்கு.

அவன் தூண்டில் கம்பை மணலில் ஊன்றிவிட்டு அந்த நாயை முறைத்தான்.

ஆறு கடலில் விழும்வரைதான் கொடுவா மீன் இந்தப் பக்கம் வரும். அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிட்டால் அவ்வளவுதான். இனி ஐப்பசி மழையில் ஆறு மணலை உடைத்துக்கொண்டு பாய வேண்டும். அதுவரை இங்கே கம்பும் கையுமாக நிற்பவன் கிறுக்கன்.

நான்கு மாதம். பதினேழு ஞாயிறு.

கிடைத்தது என்ன? கெளிறு, பேத்தை என்று விலைபோகாத மீன்கள். ஒரு செருப்பு, அதுவும் ஒற்றைச் செருப்பு.

"சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று வாய்விட்டே சொன்னான்.

பக்கத்தில் நின்று கேட்க ஆள் இல்லை.

சீசனின் முதல் ஞாயிறு ஆள் இருந்தது. பெர்க்மான்ஸ். மனைவி டெல்பினின் தம்பி. வீசுவது இவன், தூண்டில் முள் கட்டுவது மச்சினன். பத்து வருடமாக அப்படித்தான். முள்ளை நூலில் முடிந்துவிட்டு, முடிச்சின்மேல் சிவப்புத் தையல் நூலை ஏழு சுற்றுச் சுற்றுவான் பெர்க்மான்ஸ். அக்காளின் தையல் பெட்டியிலிருந்து சுட்ட நூல். அந்த ஏழு சுற்று முடியும்வரை பீடிகூடப் பற்றவைக்க மாட்டான்.

அந்த முதல் ஞாயிறுதான் எல்லாம் நாசமாய்ப் போனது.

கம்பு வளைந்தது. மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே எழும்பி விழுந்தது. கொடுவா. பத்துக் கிலோவுக்குக் குறையாது.

"ஓட விடுங்க அத்தான்! இறுக்காதீங்க, ஓட விடுங்க!"

இவன் ரீலை இன்னும் இறுக்கினான். பத்துக் கிலோ மீனை எவனாவது ஓட விடுவானா?

கம்பு சட்டென்று நிமிர்ந்தது. வெறும் நூல் திரும்பி வந்தது.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினான். "ஒரு முடிச்சு போடத் துப்பில்ல! ஏல, நீயெல்லாம் கடக்கரையில பொறந்தவனா?"

"முடிச்சு அவுழல அத்தான். நூலுதான் அறுந்திருக்கு. நுனியப் பாருங்க."

பார்க்கவில்லை. கத்தியை எடுத்து நுனியை நறுக்கிக் கடலில் வீசினான்.

பெர்க்மான்ஸ் தன் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்குத் தெருப்பக்கம் நடந்தவன்தான், அதன்பின் இவனோடு மீன்பிடிக்க வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே அக்காள் கையில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து டெல்பினும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள்.

ஒரு கொடுவா கிடைத்திருந்தால் போதும். கொண்டுபோய் மச்சினன் வீட்டு வாசலில் போட்டு, பாருல, இது நான் போட்ட முடிச்சு என்று காட்டியிருப்பான். அதற்குத்தான் பதினேழு ஞாயிறும்.

"ஓய்! வந்து ஒரு கை பிடியும்!"

கஸ்பார். வீச்சு வலைக்காரர். ஆற்றுப்பக்கம், வெளியே போக வழியில்லாமல் தேங்கிய தண்ணீரில் முழங்கால் அளவுக்கு நின்றிருந்தார். வலை துள்ளியது.

போய்ப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து மணலுக்கு இழுத்தார்கள்.

கொடுவா. பத்துக் கிலோவுக்குக் குறையாது.

ஒருத்தன் மழையிலும் வெயிலிலும் நான்கு மாதம் நிற்கிறான். இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாராம், ஒரே வீச்சில் அள்ளினாராம்.

கஸ்பார் மீனின் வாயைப் பிளந்தார். "எவனோ முள்ள விட்டுட்டுப் போயிருக்கான்வே."

கடைவாயில் முள். முள்ளிலிருந்து ஒரு முழம் நூல் தொங்கியது, பாசி பிடித்து.

முள்ளின் கழுத்தில் சிவப்பு.

சாயம் வெளுத்திருந்தது. கட்டைவிரலால் பாசியைத் துடைத்தான். எண்ணினான். ஏழு.

முடிச்சை நகத்தால் நெருடினான். நூலைக் கையில் சுற்றி இழுத்தான். பல்லால் கடித்தும் இழுத்தான். அசையவில்லை, சனியன்.

நூலின் மறுநுனி அறுந்து, பிய்ந்து சுருண்டிருந்தது.

கஸ்பார் முள்ளைக் கழற்றி அவன் கையில் போட்டார். கடல் பத்தடி தூரத்தில் இருந்தது. நுனியை வீசிய அதே கடல். இதையும் வீசிவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. வீசுவதற்குக் கை பின்னால்கூடப் போய்விட்டது.

"நல்ல கெட்டுவே" என்றார் கஸ்பார். "யாரு கெட்டுனது?"

அவன் வாய்க்குள் என்னவோ சொன்னான்.

"காத்துல கேக்கல. சத்தமாச் சொல்லும்."

"எம் மச்சினன்."

"யாரு?"

"எம் மச்சினன் கெட்டுனதுவே! பெர்க்மான்ஸ் கெட்டுனது! நாலு மாசமா முடிச்சு அவுழல, போதுமா?"

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அன்றைக்கு நிமிர்ந்த அதே ஆட்கள்.

அவன் முள்ளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். "ஓய், கம்ப விட்டுட்டுப் போறீரே!" என்று பின்னால் கஸ்பார் கத்தினார்.

அவன் வீடு வடக்கே.

தெற்குத் தெருவுக்குள் திரும்பினான். பெர்க்மான்ஸ் வீட்டு வாசலுக்கு வந்ததும், உள்ளே போகாமல் நின்று சட்டைப்பையிலிருந்து முள்ளை வெளியே எடுத்தான்.