பழைய கார்டு

“மிஸி, நிறுத்துங்க! அந்த ஊசிய போடாதீங்க!”

ஓடி வந்து கையைப் பிடித்த நித்யகல்யாணியை நர்ஸ் புனிதா எரிச்சலோடு பார்த்தாள். கூகுளைப் படித்துவிட்டு நர்சுக்கே பாடம் எடுக்கும் சொந்தக்காரர்கள் ஈப்போவில் வாரத்துக்கு நாலு பேராவது அவளிடம் வந்து மாட்டுகிறார்கள்.

“கைய விடுங்கக்கா. உங்க அண்ணனுக்குக் கால் புண்ணு சீழ் வச்சு ரத்தத்துல ஏறிருச்சு. பென்சிலின் உடனே போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

கட்டிலில் அருண்பிரகாஷ் நினைவில்லாமல் கிடந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது.

“அவருக்கு அது ஒத்துக்காம இருந்தா? சிலருக்கு ஆளையே கொண்டு போயிடும் மிஸி!”

“கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன். அலர்ஜி ஒண்ணும் இல்ல.”

“இங்கதான் முன்ன வைத்தியம் பாத்தாரு. பழைய கார்ட எடுத்துப் பாருங்களேன்.”

“அலாமா! அதெல்லாம் ஊருக்கு வெளிய லகாட் ஸ்டோர்ல மூட்டையா கிடக்கு. தேடி எடுக்கிற வரைக்கும் இவரு தாங்குவாரா? அலர்ஜி இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது. தெலுக் இந்தான்ல தனியா இருக்காரு, எதையும் சொல்ல மாட்டாரு. வேற மருந்து மாத்தித் தரச் சொல்லுங்க, கெஞ்சிக் கேக்குறேன்!”

“டாக்டர் காரணம் கேப்பாரே! கம்ப்யூட்டர் மேல நம்பிக்கை இல்லன்னு சொன்னா என்னைத்தான் காய்ச்சி எடுப்பாரு.” புனிதாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “இந்த சிஸ்டம் வந்தப்ப நாங்களும் பயந்தோம்கா. கார்டெல்லாம் சரியா ஏறலன்னு ஆஸ்பத்திரியே, அதச் செஞ்சு குடுத்த கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு. ஆனா, பழைய கார்டுல உள்ளத ஒண்ணு விடாம ஏத்தியாச்சு, நானே சரிபாத்தேன்னு அந்தக் கம்பெனி மேனேஜர் அம்மா கோர்ட்டுல சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டாங்க. பொய் சத்தியம்னா ஜெயில் லா! அவங்க சும்மா சொல்வாங்களா?”

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. புனிதா ஊசியைக் கையில் எடுத்தாள்.

“டாக்டரக் கூப்பிடுங்க மிஸி! அந்த அம்மா எதையும் சரிபாக்கலன்னு சொல்லுங்க. முடிக்கிற தேதி வந்துருச்சுன்னு ஆபீசே அவசரப்படுத்துச்சு. ஆளாளுக்கு ஓகே லான்னாங்க. அந்த அம்மாவும் ஒரு கார்டுகூடத் திறக்காம கையெழுத்துப் போட்டாங்க!”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நித்யகல்யாணி அண்ணனை ஒருமுறை பார்த்தாள்.

“சத்தியம் பண்ணது நான்தான்.”