அழிந்துபோன சிப்

மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்து, மூடி கழற்றிய சர்க்யூட் போர்டின் மேல் பளபளக்கிறது. அதிலிருந்து நான்கு மெல்லிய ஒயர்கள் லேப்டாப்புக்குப் போகின்றன. அவன் மனைவியின் மோட்டார் சக்கர நாற்காலியை ஓட்டுவது அந்தப் போர்டுதான். அவளுடைய கை நடுக்கத்துக்குத் தோதாக, மாதக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்த தெரபிஸ்ட் இப்போது வேலையில் இல்லை. "நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்கு நோண்டுறீங்க?" என்று மனைவி காலையில்கூடக் கேட்டாள். கொஞ்சம் வேகமாக ஓடவைத்துக் காட்டுகிறேன் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். முகம் தெரியாத யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள், சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. போர்டின் சிப்பில் தெரபிஸ்ட் பதிந்துவைத்திருந்ததைப் பேக்கப் எடுக்காமல், சிப்பை அழிக்கச் சொன்னது அவன். திரையில் 'அழிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது. "முடிஞ்சுதா?" என்கிறாள். அவன் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். ஒயரில் ஒரு கோளாறும் இல்லை. காது மடல் சுடுகிறது. "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்கிறான். பிறகு, திரையைப் பார்த்தபடியே, "நான்தான் அழிச்சிட்டேன்."

கோபம் வந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறவள் அவள். இப்போது அவள் விரல்கள், ஓட்டும் விசையைக் கழற்றிவிட்ட வெறும் கைப்பிடியைத் தடவுகின்றன. "என்னைக் கொஞ்சம் அந்த ரூம்ல கொண்டுபோய் விட்டுடுங்க" என்கிறாள். அவன் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று தள்ளுகிறான். தள்ளும்போது அவள் முகம் தெரிவதில்லை. அது நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதிதான் அவனை இன்னும் கூசவைக்கிறது.