இடையில் பன்னிரண்டு வருடம்

பாரிஸில் ரூ காய் என்ற தெருவின் தேநீர்க்கடையில், தமிழ்க் கால்பந்துக் கழகத் தலைவர் சிவநேசனும் செயலாளர் உதயனும் ஒரு பக்கம். எதிரே மனேஜர் மொரிதா. இருபத்தேழு வயதுவரை ஜப்பானில் விளையாடியவர். முழங்கால் போனதும் பாரிஸ் வந்தார். முப்பத்தொன்பதில் இவர்களுக்கு மனேஜரானார். இடையில் என்ன செய்தார் என்று சிவநேசன் கேட்டதில்லை. நாலு வார்த்தை பிரெஞ்சில் காரியம் நடந்தது.

"ஞாயிறு பைனல் முடிய இவரை அனுப்பிவிடுவம்," என்றார் சிவநேசன், மொரிதாவைப் பார்த்துச் சிரித்தபடியே. "கூசேன்வில் கழகத்தின்ரை மனேஜர் எங்களிட்டை வாறன் எண்டிட்டார்."

"ஆளுக்கு முன்னாலையே கதைக்கிறியள், அண்ணை?"

"அவருக்கு என்ன விளங்கப்போகுது?"

மொரிதாவும் சிரித்துவிட்டு வடையைக் கடித்தார்.

ஞாயிறு கிண்ணம் கிடைத்தது. சிவநேசனின் மனம் மாறியது. மைதானத்திலேயே மொரிதாவின் கையைப் பிடித்து, அடுத்த வருடமும் நீங்கள்தான் என்று பிரெஞ்சில் சொன்னார்.

"ஏலாது அண்ணை," என்றார் மொரிதா, தமிழில். "கூசேன்வில்காரரின்ரை மனேஜரை நீங்கள் எடுத்திட்டியள். அந்த இடத்துக்கு நான் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சிட்டன்."

சிவநேசன் பிடித்த கையை விட்டார். "உங்களுக்குத் தமிழ் தெரியுமெண்டு சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே. பன்னிரண்டு வருசம் றெஸ்ரோறன்ட் குசினியிலை எங்கடை ஆக்களோடைதான் கோப்பை கழுவினனான்."