சொம்பு ஒட்டிக்கொண்ட சீட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க.

பூங்கோதை, பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கப் புது பிளாஸ்டிக் பாட்டில் வாங்கிவந்தாள். பழைய எவர்சில்வர் சொம்பைப் பாத்திரக்காரருக்குப் போட எடுத்து வைத்தாள். பாட்டில் வயிற்றில் ‘பிபிஏ இல்லை’ என்று ஒரு சீட்டு.

"பிபிஏன்னா என்ன தம்பி?" என்று சொம்பு கேட்டது.

"பிளாஸ்டிக் கெட்டியா வர ஆலையில போடற மருந்துண்ணே. உடம்புக்கு ஆகாதாம். எனக்குள்ள இல்ல."

"அப்ப உனக்குள்ள என்ன போட்டாங்க?"

பாட்டில் யோசித்தது. "வேற ஏதோ மருந்து. பேரு தெரியல. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"சரி. உன் சீட்டு ஈரத்துல உரியுது. குடு, நான் ஒட்டிக்கறேன்."

"நீங்க எவர்சில்வராச்சே. உங்களுக்கு எதுக்கு?"

"எனக்குள்ளயும் அது இல்லதானே? பொய்யா சொல்றேன்?"

சொம்பு பாட்டிலை உரசிக்கொண்டு நின்றது. சீட்டு இடம் மாறியது.

பாத்திரக்காரர் வாசலில் குரல் கொடுத்தார். பூங்கோதை வந்து சொம்பைத் தூக்கினாள், சீட்டைப் படித்தாள், பிள்ளைக்குத் தண்ணி பிடிக்கக் குழாயடியில் வைத்தாள்.

சொம்பு சீட்டில் ஒரு சொட்டுகூடப் படாதபடி மெல்லத் திரும்பிக்கொண்டது.