கபர்ஸ்தான் பூ

டாலியாக் கிழங்குகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, தாஜ் மோஜி என் பக்கத்தில் ஒரு கோணிப்பையைப் பொத்தென்று போட்டார். அவரை அந்தத் தெருவில் எல்லோரும் மோஜி, அதாவது அம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

"ரம்ஜானா, அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இதை நடு."

பையை அவிழ்த்தேன். ஈர மண் ஒட்டிய ஐரிஸ் கிழங்குகள். இலைகளைப் பாதியாக நறுக்கியிருந்தார். வேலை தெரிந்த கை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இடம் மாறிக் கொண்டுவந்துட்டீங்க மோஜி. இதை நட கபர்ஸ்தானுக்குல்ல போகணும்?"

"அங்கேயிருந்துதான் வர்றேன். அவர் தலைமாட்டுல கொஞ்சம் பிரிச்சு எடுத்தேன்."

அவர் என்றால் மோஜியின் கணவர். போய்ச் சேர்ந்து இருபது வருடம்.

எங்கள் ஸ்ரீநகரில் ஐரிஸ் இறந்தவர்களுடைய பூ. வசந்தம் வந்தால் இடுகாட்டுக் கபர்களின் மேலெல்லாம் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். பார்க்க இரண்டு கண் போதாது. ஆனாலும் வீட்டு முற்றத்தில் யாரும் நட மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் அழகில் மயங்கிக் கேட்டால் நான் வாயைத் திறக்காமல் விற்றுவிடுவேன். தெரிந்த வீட்டுக்குக் கொடுத்ததில்லை.

அதுவும் இந்த வீட்டுக்கு!

இந்தத் தோட்டம் மோஜியின் மகன் மன்ஸூர் போட்டது. நான் டில்லி பங்களாக்களில் இரண்டு வருடம் தோட்ட வேலை பார்த்திருக்கிறேன். அங்கே செடியை வெயிலிடமிருந்து காப்பாற்றினால் போதும். இங்கே ஆறு மாதம் பூ, ஆறு மாதம் காவல். உறைபனிக்கு முன்னால் கிழங்கைத் தோண்டி மணலில் புதைக்க வேண்டும், ரோஜாவுக்கு வைக்கோல் சுற்ற வேண்டும். ஒரு குளிர்காலம் அசந்தால் எல்லாம் போச்சு. மன்ஸூர் அசந்தவன் இல்லை. அவன் வளர்த்த டாலியா ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்.

பெருவெள்ளம் வந்தபோது படகை எடுத்துக்கொண்டு, கூரைமேல் தவித்தவர்களை இறக்கிவரப் போனான். இரண்டு நடை வந்தான். மூன்றாவது நடையில் படகு மட்டும் கிடைத்தது. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்.

பத்து வருடமாக, இலை பழுக்கத் தொடங்கியதும் மோஜி எனக்கு ஆள் அனுப்பிவிடுவார். வைக்கோல் ஒரு பிடி குறைந்தால் போதும், தெருவே கூடும். "மன்ஸூர் கேட்டா நான் என்னடா பதில் சொல்வேன்?" என்று கத்துவார். அவன் செத்துப்போனதாக யாரும் அந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது. ஒரு தடவை நான் வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டு, அன்று முழுக்க டீ இல்லாமல் வேலை பார்த்தேன்.

மருமகள் தஸ்லீமாவும் அவரோடுதான் காத்திருக்கிறாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிறந்த வீட்டார் எத்தனை தடவை கூப்பிட்டும் போகவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில், மோஜி தஸ்லீமாவின் ஜன்னலுக்கு நேர் கீழே குச்சியால் கோடு கிழித்தார். ஆறடி நீளம்.

"இங்க நடு. ஜன்னலைத் திறந்ததும் அவ கண்ணுல படணும். நாலு மணிக்கு வந்துடுவா, அதுக்குள்ள முடிச்சிடு."

"என்ன மோஜி ஆச்சு? மன்ஸூரைப் பத்தி ஏதாவது தகவல் வந்துச்சா?"

"ஒரு தகவலும் வரல."

தணல் போட்ட கங்கடிச் சட்டியைப் பெரன் அங்கிக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அவகூட வேலை பார்க்கிற வாத்தியார் வீட்டுலேருந்து மூணு தடவை பொண்ணு கேட்டு வந்துட்டாங்க. தங்கமான மனுஷன். அவளுக்கும் பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியாதா? என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே வேண்டாம் வேண்டாம்ங்கிறா. முப்பத்திரண்டு வயசாச்சு ரம்ஜானா அவளுக்கு."

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடலாமே."

"முந்தாநாள் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவன் போயிட்டான், நீ போய் நல்லா இருன்னு. வாய் வரல. இதைப் பார்த்தா அவளே புரிஞ்சுக்குவா."

நான் மண்ணைக் கிளறினேன். பத்து வருடம் கழித்து இந்தத் தாயின் மனசு ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

மோஜி ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் கொடுக்க, நான் வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். பாதி நட்டிருப்பேன், என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரொம்ப ஆழமா வச்சுடாதே."

ஐரிஸை யாரும் ஆழமாக நடுவதில்லை. அதன் முதுகு மண்ணுக்கு மேலே வெயில் காய வேண்டும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். இருந்தாலும் சரி என்று தலையாட்டினேன்.

மோஜி தெருக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளை நல்லபடியா அனுப்பி வச்சதும் நானே பிடுங்கிடுவேன். இழுத்தா என் கைக்குச் சட்டுனு வரணும். என் பிள்ளை வீட்டுக்குள்ள நுழையும்போது இது கண்ணுல படக் கூடாது."