எல்லை தாண்டிய பல்வலி

"மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து விடு மக்கா. யாராவது கேட்டா பல்லுவலின்னு சொல்லு."

"பல்லுவலிக்கு யாராவது பாறசாலையில இருந்து மார்த்தாண்டம் வருவாவளா அம்மா?" என்றாள் லிஷா.

ஷெர்லிக்குக் கோபம் வந்தது. "உனக்குச் சிரிப்பு. நெய்யாற்றின்கரையில காட்டினா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால ஊருக்கே தெரிஞ்சிரும். தமிழ்நாட்டுல நம்மள யாருக்குத் தெரியும்?"

லிஷாவுக்குச் சில மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. ஸ்கேனில் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று தெரிந்தது. ஜெஃப்ரினோடு கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம்.

ஜெஃப்ரினின் அம்மா ஞானபாய் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒரு சீக்கும் கிடையாது. வாற பெண்ணும் அப்படித்தான் இருக்கணும்."

"எனக்க பிள்ளை ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை தின்னதில்ல" என்றிருந்தாள் ஷெர்லி.

"ஜெஃப்ரின்கிட்ட நானே சொல்லட்டா? அவரு ஒண்ணும் நினைக்கமாட்டாரு" என்று கேட்டாள் லிஷா.

"நீ வாயைத் திறந்தா அதோட உனக்க கல்யாணம் முடிஞ்சுது."

மார்த்தாண்டத்தில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இன்சுலினை ஒரு சாவின்னு வச்சுக்கோங்க. அது திறக்க வேண்டிய பூட்டை உண்டாக்குற ஜீன் ஒண்ணு உண்டு. அதுல சில மாற்றம் இருக்கிறவங்களுக்கு இந்தப் பிசிஓடி வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. சாப்பாட்டைப் பாருங்க. தினமும் நடக்கட்டும்."

"அம்மா வழியா வாறதா டாக்டர்?"

"அம்மா வழியாவும் வரலாம், அப்பா வழியாவும் வரலாம். யாரு மேலயும் குத்தம் இல்ல."

"கல்யாணம்?"

"தாராளமா பண்ணலாம். நிறையப் பேரு இதோட பிள்ளையும் பெத்திருக்காங்க."

ஷெர்லி அப்போதுதான் மூச்சு விட்டாள். கும்பிட்டுவிட்டு மகளோடு வெளியே வந்தாள்.

எதிர் பெஞ்சில் ஞானபாய் இருந்தாள். பக்கத்தில் ஜெஃப்ரினின் தங்கை. அவளும் மாஸ்க் போட்டிருந்தாள்.

"பிள்ளைக்குப் பல்லுவலி" என்றாள் ஷெர்லி.

"எனக்கு முட்டுவலியாக்கும்" என்றாள் ஞானபாய்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பிசிஓடிக்கு ரெண்டாவது தடவை வந்த பிள்ளை யாரு? உள்ள வாங்க."

ஜெஃப்ரினின் தங்கை எழுந்தாள்.

நர்ஸ் லிஷாவிடம் திரும்பினாள். "உங்களுக்கும் அதே மாத்திரைதான். சாப்பிட்ட பிறகு போடணும்."

இரண்டு அம்மாக்களும் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. மாஸ்க் இருந்ததால் தப்பித்தார்கள்.

பஸ்ஸில் லிஷா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "நல்லதாப் போச்சு அம்மா. இனி ரெண்டு வீட்டுலயும் ஒண்ணும் ஒளிக்க வேண்டாம்."

பஸ் எல்லையில் களியக்காவிளையைத் தாண்டியதும் ஷெர்லி கல்யாணத் தரகர் நேசையனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். அந்த வீட்டுல சீக்கு உண்டு. ஜீனாக்கும். நாளைக்கு எனக்க பேரப்பிள்ளைக்கு வந்தா யாரு பாக்குறது? நானே கண்ணால கண்டுட்டு வாறேன்."

லிஷா தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க அக்கா" என்றார் நேசையன். "ஞானபாய் அக்காவும் கூப்பிடுறாவ."