சென்சாருக்கு ஒரு ஈரத்துணி

கையும் ஈரத்துணியுமாகப் பிடிபட்டார், அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா.

பிடித்தவர் மேனேஜர். சூட்டைப் பார்த்து, ஏ.சி. எவ்வளவு ஓட வேண்டும் என்று தானே முடிவு செய்கிற புத்திசாலிக் கட்டடம் அது. சூட்டைப் பார்ப்பது தூணில் இருக்கும் தீப்பெட்டி அளவு சென்சார். அதற்குத்தான் அக்கா துணியைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அது என்ன காய்ச்சல் வந்த குழந்தையா, ஈரத்துணி போடுற?"

"குளிருது சார்."

"உனக்கா?"

"எனக்கில்ல சார். கடைசி மேசையில டைப் அடிக்கிற பொண்ணுக்கு. மாசமா இருக்கு. வெளிய வெயில் மண்டையப் பொளக்குது, உள்ள அது ஸ்வெட்டர் போட்டும் நடுங்குது. துணியப் போட்டா, ரூம் ஏற்கெனவே ஜில்லுன்னு இருக்குன்னு நம்பி மெஷின் அடங்கிடும்."

"இந்த மாடியில மட்டுமா?"

"நாலு மாடியிலயும் சார். ஒருத்தருக்குப் பாத்துட்டு இன்னொருத்தர விடலாமா?"

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"மூணு மாசமா."

மேனேஜருக்கு ரத்தம் கொதித்தது. இருபது டிகிரி என்பது முதலாளி போட்ட உத்தரவு. அதை மாற்றச் சொல்ல மேனேஜருக்கே தைரியம் கிடையாது.

"மெஷினையே ஏமாத்துறியா? இந்த வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ!"

துணிகள் பறிமுதலாயின.

அந்த வெள்ளிக்கிழமைதான் நடுவர்கள் வருகிறார்கள். குறைவான மின்சாரத்தில் இயங்கும் கட்டடத்துக்கு விருது. நேரில் வந்து மீட்டரைப் பார்ப்பார்கள். மூன்று மாதமாகவே மீட்டர் மடமடவென்று இறங்கியிருந்தது. "எல்லாம் நான் போட்ட சாஃப்ட்வேர் சார்" என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்தார் மேனேஜர். மேடையில் பேச வேண்டியதைக்கூட எழுதி வைத்துவிட்டார், பாவம்.

செவ்வாய்க்கிழமை மீட்டர் ஏறியது. புதன்கிழமை இன்னும் ஏறியது. வியாழக்கிழமை மேனேஜர், சாஃப்ட்வேர் கம்பெனி எஞ்சினியரை போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தார்.

"நாங்க எதையும் தொடல சார். இப்ப ஓடுறதுதான் சரியான கணக்கு. முன்னாடி மூணு மாசம் எப்படிக் குறைஞ்சதுன்னு எங்களுக்கே புரியல. என்ன பண்ணீங்கன்னு சொன்னா, மத்த கட்டடத்துலயும் பண்ணிடுவோம்."

மூணு மாசம்! மேனேஜர் போனை வைத்தார்.

இருபதை இருபத்தைந்தாக்கலாமா என்று முதலாளியிடம் கேட்கலாம்தான். கேட்டால் சாஃப்ட்வேர் கதை சந்தி சிரித்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை. அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. கடைசி நாளாயிற்றே, சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போவோம் என்று வாளியோடு வந்த அக்கா, தூணைப் பார்த்ததும் நின்றார்.

இஸ்திரி போட்ட தன் கைக்குட்டையை நனைத்து, சென்சாருக்குப் பதமாகப் போர்த்திக்கொண்டிருந்தார் மேனேஜர். மற்ற மாடிகளுக்காக இன்னும் மூன்று கைக்குட்டைகள் அவர் பாக்கெட்டில் பிதுங்கின.

அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"நல்லாப் பிழியுங்க சார், சொட்டுனா காட்டிக் குடுத்துடும். காயக் காய நனைக்கணும், நாலு மாடியும் ஏறி இறங்கணும். இன்னிக்கு நான் பாத்துக்கிறேன். திங்கட்கிழமையிலருந்து யாரு சார், நீங்களா?"